காசு போன தடத்தில் கரிப்புகை: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில், தொழில்துறைகள் ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கும் பணக் கணக்கை வைத்தே பசுமை இல்ல வாயுக்களின் தடத்தைப் பிடிக்கும் முறையைப் பற்றி எழுதியிருந்தோம். கூடவே ஒரு சின்னப் பயிற்சியும் இருந்தது. நாட்டில் மின்சாரம், எஃகு என்று இரண்டே துறைகள். மின்துறையின் ஆண்டு உற்பத்தி 100 பண அலகு. அதில் 10 தனக்கே செலவாகிறது, 40 எஃகு ஆலைகளுக்குப் போகிறது, மீதி 50 வீடுகள் போன்ற இறுதி நுகர்வோருக்கு. எஃகின் உற்பத்தி 200. அதில் 5 மின்துறைக்கு, 20 எஃகுத் துறைக்குள்ளேயே, 175 இறுதித் தேவைக்கு. மின்நிலையங்கள் விடும் வாயு 400 டன், எஃகு ஆலைகள் விடுவது 300 டன். இந்த 700 டன்னில் யாருடைய தேவைக்காக எவ்வளவு வெளியேறியது என்பதே கேள்வி. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இந்தக் கணக்கைப் பற்றியவை. அதிலிருந்தே தொடங்குவோம்.

கேள்வி: எஃகு செய்ய மின்சாரம் வேண்டும். மின்நிலையம் கட்ட எஃகு வேண்டும். அந்த எஃகுக்கு மறுபடி மின்சாரம். இப்படி வட்டமாகவே போனால் எங்கே கொண்டுபோய் நிறுத்துவது? — பொருளியல் மாணவி

நிறுத்தவே வேண்டியதில்லை. வட்டம் முழுவதையும் ஒரே கணக்கில் அடைத்துவிடுவதுதான் இந்த முறையின் பலம். வணிகக் கணிதத்தில் அணிகள் படித்தவர்களுக்கு உள்ளீடு–வெளியீடு பகுப்பாய்வு நினைவிருக்கும். வாசிலி லியோன்டிஃப் 1936-இல் அமெரிக்கப் பொருளாதாரத்தை வைத்து இதைத் தொடங்கினார். 1970-இல் மாசையும் அதே அட்டவணைக்குள் கொண்டுவரும் வழியைக் காட்டினார். 1973-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

முதல் வேலை, ஒவ்வொரு நிரலையும் அந்தத் துறையின் மொத்த உற்பத்தியால் வகுப்பது. நிரல் என்பது அட்டவணையில் மேலிருந்து கீழே வரும் ஒரு துறையின் கொள்முதல் பட்டியல். நிரை என்பது குறுக்கே வரும் அதன் விற்பனைப் பட்டியல். எஃகு நிரலில் 40-ஐ 200-ஆல் வகுத்தால் 0.2, 20-ஐ 200-ஆல் வகுத்தால் 0.1. அதாவது ஒரு அலகு எஃகு செய்ய 0.2 அலகுக்கு மின்சாரமும் 0.1 அலகுக்கு எஃகும் நேரடியாக வாங்குகிறார்கள். மின் நிரலில் இதே எண்கள் 0.1, 0.05.

இந்த அணியை அலகு அணியிலிருந்து கழித்து நேர்மாறு அணியைக் கண்டுபிடியுங்கள். மின் நிரலில் 1.125, 0.0625 என்றும், எஃகு நிரலில் 0.25, 1.125 என்றும் வரும். எஃகு நிரலைக் கொஞ்சம் நின்று படியுங்கள். யாரோ ஒருவர் ஒரு அலகு எஃகு கேட்டால், எல்லாச் சுற்றும் முடிந்த பிறகு மின்துறை 0.25 அலகும் எஃகுத்துறை 1.125 அலகும் உற்பத்தி செய்திருக்கும் என்று அது சொல்கிறது.

அடுத்தது நேரடி உமிழ்வு. மின்துறையில் 400-ஐ 100-ஆல் வகுத்தால் அலகுக்கு 4 டன். எஃகில் 300-ஐ 200-ஆல் வகுத்தால் 1.5 டன். முழுச் சுமை என்பது ஒரு அலகு கேட்டால் எல்லாச் சுற்றும் சேர்ந்து வெளியேறும் வாயு. எஃகின் முழுச் சுமை: 4 × 0.25 + 1.5 × 1.125 = 2.6875 டன். மின்சாரத்தின் முழுச் சுமை: 4 × 1.125 + 1.5 × 0.0625 = 4.59375 டன். இவற்றை இறுதித் தேவையால் பெருக்கினால் எஃகுக்கு 470.3 டன், மின்சாரத்துக்கு 229.7 டன். கூட்டினால் 700 டன், சரியாக.

புகைபோக்கியைப் பார்த்தால் பெரிய பங்கு மின்துறையுடையது. தேவையைப் பார்த்தால் பெரிய பங்கு எஃகுடையது. இரண்டும் உண்மைதான், ஆனால் பதில் சொல்லும் கேள்விகள் வேறு. மின்நிலையத்தில் எந்த எரிபொருளை மாற்றலாம் என்பதற்கு முதல் கணக்கு உதவும். கட்டடத்தில் எஃகைக் குறைத்தால் நாட்டுக்கு என்ன மிச்சம் என்பதற்கு இரண்டாவது கணக்கு வேண்டும்.

வட்டம் எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்பதையும் பாருங்கள். ஒரு அலகு எஃகுக்கு ஆலையிலேயே 1.5 டன். முதல் சுற்றுக் கொள்முதலில் மின்சாரத்தால் 0.8, எஃகால் 0.15. இரண்டாம் சுற்றில் மொத்தம் 0.19. இதுவரை 2.64 டன், அதாவது முழுச் சுமையில் 98 விழுக்காடு. இந்தச் சுற்றுகளைத் தனித்தனியே பிரித்துப் பார்ப்பதைத்தான் பாதைப் பகுப்பாய்வு என்கிறோம். எந்தக் கிளையை வெட்டினால் பலன் அதிகம் என்பது அதில்தான் தெரியும். நிஜப் பொருளாதாரத்தில் துறைகள் நூற்றுக்கணக்கில் இருப்பதால் வால் இதைவிட நீளமாக இருக்கும். சப்ளையர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டுக் கணக்கெடுப்பவர்கள் பெரும்பாலும் இந்த வாலைத்தான் தவறவிடுகிறார்கள்.

கேள்வி: அதே கணக்கை எக்செல்லில் போட்டேன். எனக்கு 997 டன் வருகிறது. என் நண்பருக்கு 873. இருவரும் மூன்று முறை சரிபார்த்துவிட்டோம். — கல்லூரி விரிவுரையாளர்

இரண்டுமே அடிக்கடி நடக்கும் தவறுகள். எண்ணைப் பார்த்தாலே எது எது என்று சொல்லிவிடலாம்.

நீங்கள் முழுச் சுமையை இறுதித் தேவையால் பெருக்காமல் மொத்த உற்பத்தியால் பெருக்கியிருக்கிறீர்கள். 4.59375 × 100, 2.6875 × 200, கூட்டினால் 996.9. எஃகு ஆலை வாங்கிய மின்சாரத்தின் புகை ஒருமுறை மின்துறைக் கணக்கிலும் இன்னொரு முறை எஃகின் கணக்கிலும் ஏறிவிட்டது. மொத்த உற்பத்தியோடு பெருக்க வேண்டியது நேரடி உமிழ்வு எண் மட்டுமே. முழுச் சுமைக்கு ஜோடி இறுதித் தேவை. இந்த ஜோடி மாறினால் இரட்டைக் கணக்கு நிச்சயம்.

உங்கள் நண்பர் நிரலுக்குப் பதிலாக நிரையை வகுத்திருக்கிறார். 40-ஐ எஃகின் 200-ஆல் வகுக்காமல் மின்துறையின் 100-ஆல் வகுத்து 0.4 என்று எடுத்திருப்பார். அது ‘மின்துறை தன் உற்பத்தியில் எத்தனை பங்கை எஃகுக்கு விற்கிறது’ என்ற எண். நமக்கு வேண்டியது ‘எஃகு செய்ய எவ்வளவு மின்சாரம் தேவை’ என்பது.

தரவைக் கையில் எடுத்த உடனே இரண்டு சோதனை செய்துவிடுங்கள். நேர்மாறு அணியை இறுதித் தேவையால் பெருக்கினால் மொத்த உற்பத்தி திரும்பி வரவேண்டும். முழுச் சுமையை இறுதித் தேவையால் பெருக்கிக் கூட்டினால் தொடக்கத்தில் போட்ட உமிழ்வு அப்படியே திரும்பி வரவேண்டும். இரண்டில் ஒன்று பொய்த்தாலும் மேலே போகாதீர்கள்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் கொள்முதல் பேரேட்டில் உள்ள தொகைகளை, வெளியிடப்பட்ட உமிழ்வுக் காரணிகளால் பெருக்கி மூன்றாம் வரம்பு அறிக்கை தயாரிக்கச் சொல்கிறார்கள். பேரேட்டுத் தொகையை அப்படியே போடலாமா? — கணக்கு மேலாளர்

முதல் வரம்பு நீங்களே எரித்து விடுவது, இரண்டாம் வரம்பு வாங்கிய மின்சாரத்தின் புகை, மூன்றாம் வரம்பு சப்ளையர்கள் போன்ற மற்றவர்களிடம் உங்களுக்காக வெளியேறுவது. காரணி என்பது செலவழித்த பணத்துக்கு இத்தனை வாயு என்ற எண். தொகையை அப்படியே போட்டால் பெரும்பாலும் எண் ஊதிவிடும். காரணி எந்த விலையில் கட்டப்பட்டது என்று முதலில் பாருங்கள். பல அட்டவணைகள் அடிப்படை விலையில் இருக்கும், அதாவது ஆலை வாசலில் உற்பத்தியாளர் கைக்குப் போகும் தொகை. உங்கள் பேரேட்டில் இருப்பதோ வாங்குபவர் விலை.

சிமெண்டுக்கு 100 கொடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் வரி 15, வியாபாரியின் பங்கு 8, லாரி வாடகை 7, ஆலைக்குப் போனது 70. சிமெண்டுக் காரணியால் பெருக்க வேண்டியது இந்த 70-ஐ மட்டும். 8-ஐ வணிகத் துறையின் காரணியாலும் 7-ஐச் சரக்குப் போக்குவரத்தின் காரணியாலும் பெருக்குங்கள். வரிக்குக் காரணி இல்லை. இன்னொரு படியும் இருக்கிறது. காரணி ஒரு பழைய ஆண்டின் அட்டவணையிலிருந்து வந்ததாக இருந்து, அன்றிலிருந்து சிமெண்டின் விலைக் குறியீடு 100-லிருந்து 140 ஆகியிருந்தால், 70-ஐ 1.4-ஆல் வகுக்க வேண்டும். ஆக, 100 என்று தொடங்கிய பில்லில் சிமெண்டுக் காரணியோடு சேருவது 50 மட்டுமே. இங்கே அந்தப் பொருளின் மொத்த விலைக் குறியீட்டை எடுங்கள். பொதுவான நுகர்வோர் விலைக் குறியீடு சிமெண்டின் விலையைச் சொல்லாது. அந்நியச் செலாவணி என்றால் காரணியின் ஆண்டுக்குப் பணவீக்கத்தைச் சரிசெய்த பிறகு, அந்த ஆண்டின் மாற்று விகிதத்தைப் போடுங்கள். இன்றைய விகிதத்தைப் போட்டால் இரண்டு ஆண்டுகள் கலந்துவிடும்.

பேரேட்டில் எல்லாத் தலைப்பும் மூன்றாம் வரம்பு ஆகாது. மின்கட்டணம் இரண்டாம் வரம்பில் ஏற்கெனவே இருக்கும். டீசல் எரியும்போது வரும் புகை முதல் வரம்பு. அந்த டீசலை எடுத்துச் சுத்திகரித்துக் கொண்டுவந்ததன் சுமை மட்டுமே மூன்றாம் வரம்பின் மூன்றாம் பிரிவில் வரும். இயந்திரங்கள் வாங்கியது இரண்டாம் பிரிவான மூலதனப் பொருள்கள். சம்பளம், வட்டி, வரி ஆகியவற்றைக் கொள்முதல் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தாலும், இந்த எண்ணால் செய்யவே முடியாத ஒன்று இருக்கிறது. உங்கள் முன்னேற்றத்தை அது காட்டாது. பேரம் பேசி எஃகை 10 விழுக்காடு மலிவாக வாங்கினால் அறிக்கையில் உமிழ்வும் 10 விழுக்காடு குறைந்திருக்கும், ஆலையில் ஒரு கிலோ கூடக் குறைந்திருக்காது. கூடுதல் விலை கொடுத்துச் சுத்தமான முறையில் செய்த எஃகை வாங்கினால் அறிக்கையில் உமிழ்வு ஏறும். நல்லது செய்தவரைத் தண்டிக்கும் கணக்கு இது. ஆகவே பணவழிக் கணக்கை எங்கே தோண்டலாம் என்று கண்டுபிடிக்கப் பயன்படுத்துங்கள். முதலில் வரும் ஐந்தாறு தலைப்புகளுக்கு டன், கிலோவாட்-மணி, கிலோமீட்டர் என்று அளவைகளைச் சப்ளையரிடம் கேட்டு வாங்குங்கள். நீண்ட வாலுக்குப் பணவழிக் கணக்கே போதும். இரண்டையும் கலக்கும்போது, அளவையால் கணக்கிட்ட பொருளின் தொகையைப் பேரேட்டிலிருந்து நீக்கிவிட்டீர்களா என்று பாருங்கள். கலப்பு முறையில் நாம் அதிகம் பார்க்கும் பிழை இதுதான்.

கேள்வி: எல்லாரும் ஒரே விலைக்கு வாங்குவதாக இந்த அட்டவணை எடுத்துக்கொள்கிறதே. பெரிய ஆலைகளுக்கு மின்சாரம் மலிவாகக் கிடைக்கும்போது கணக்கு என்ன ஆகும்? — மின்பொறியாளர்

மிக முக்கியமான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். பணக் கணக்குக்குள் ஒளிந்திருக்கும் மிகப் பெரிய பிழைகளில் ஒன்று இது.

நம் பயிற்சியையே எடுப்போம். எஃகு ஆலைகள் மற்றவர்கள் கொடுப்பதில் பாதி விலைக்கு மின்சாரம் வாங்குகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் அவர்கள் கொடுத்த 40 அலகுப் பணத்துக்கு மற்றவர்களுக்கு 80 அலகுக்குக் கிடைக்கும் மின்சாரம் கிடைத்திருக்கிறது. மின்சார நிரையைப் பணத்தில் எழுதாமல் கிலோவாட்-மணியில் எழுதுங்கள்: தனக்கு 10, எஃகுக்கு 80, வீடுகளுக்கு 50, மொத்தம் 140. எஃகின் நிரைகள் பணத்திலேயே இருக்கட்டும். நிரைக்கு நிரை அலகு வேறாக இருந்தால் பாதகமில்லை, ஒரே நிரைக்குள் ஒரே அலகாக இருந்தால் போதும். இப்போது மின்சாரத்தின் நேரடி உமிழ்வு 400/140, சுமார் 2.857. எஃகுக்குத் தேவையான மின்சாரம் 80/200 = 0.4.

மறுபடி நேர்மாறு கண்டுபிடித்துப் பெருக்கினால் எஃகின் முழுச் சுமை 3.087 டன். இறுதித் தேவைக்கு 540 டன். மின்சாரத்துக்கு 160 டன். மொத்தம் மாறாமல் 700 டன். உமிழ்வில் ஒரு டன் கூட மாறவில்லை. விலை வித்தியாசத்தைச் சரிசெய்ததில் மட்டும் 70 டன் வீடுகளின் தலையிலிருந்து எஃகின் தலைக்கு நகர்ந்துவிட்டது. மின்சாரம், நிலக்கரி, எரிவாயு, தண்ணீர் என்று வாங்குபவருக்கு வாங்குபவர் விலை மாறும் நிரைகளுக்காவது இந்தச் சிரமம் எடுப்பது நியாயம்.

துறைகளை ஒன்றாகக் குவிப்பதிலும் இதே வகைப் பிழைதான். அலுமினியத்தையும் தாமிரத்தையும் ‘இரும்பு அல்லாத உலோகங்கள்’ என்று ஒரே நிரலில் போட்டால், மின்னாற்பகுப்பில் ஏராளமான மின்சாரம் தின்னும் அலுமினியத்தின் சுமையில் ஒரு பகுதி தாமிரக் கம்பி வாங்கியவர் கணக்கில் போய்விடும். அட்டவணையைக் குறுக்கவேண்டும் என்றால் உமிழ்வு அடர்த்தி ஒத்த துறைகளை மட்டும் சேருங்கள். மின்சாரம், சிமெண்ட், எஃகு, உரம், கால்நடை, நெல் ஆகியவற்றைக் கடைசிவரை தனியாகவே வையுங்கள்.

கேள்வி: அரசின் உமிழ்வுப் பட்டியலில் உள்ள எண்களை அப்படியே துறைகளின் தலையில் ஏற்றலாமா? — ஆய்வு மாணவர்

ஏற்ற முடியாது, இரண்டின் பாகுபாடும் வேறு. உமிழ்வுப் பட்டியல் ‘சாலைப் போக்குவரத்து’ என்று ஒரே தலைப்பில் லாரி, பேருந்து, சொந்தக் கார் எல்லாவற்றையும் வைக்கும். பொருளாதார அட்டவணையில் ‘போக்குவரத்துத் துறை’ என்பது கூலிக்கு வண்டி ஓட்டுபவர்கள் மட்டும். ஆலையின் சொந்த லாரி ஆலையின் கணக்கு, வீட்டுக்காரரின் கார் வீட்டின் நேரடிக் கணக்கு. எரிபொருள் விற்பனைத் தரவையும் அட்டவணையின் எரிபொருள் நிரையையும் வைத்துத்தான் இதைப் பிரிக்க வேண்டும். ஆலை தனக்கென நடத்தும் மின்நிலையமும் இப்படித்தான். நாட்டின் எல்லைக்குள் வெளியேறுவதைப் பட்டியல் எண்ணும். நாட்டில் குடியிருக்கும் நிறுவனங்கள் எங்கே விட்டாலும் அதைத் தேசியக் கணக்கு எண்ணும். பன்னாட்டு விமானமும் கப்பலும் உள்ள நாடுகளில் இந்த வித்தியாசம் கணிசம். ஐ.நா.வின் சுற்றுச்சூழல்–பொருளாதாரக் கணக்கு முறையின்படி காற்று உமிழ்வுக் கணக்கு வெளியிடும் நாடு என்றால் இந்த வேலையை அவர்களே செய்து வைத்திருப்பார்கள். அதையே எடுங்கள்.

எரிபொருள் புகை மட்டும் போதாது என்பதையும் மறக்காதீர்கள். சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லிலிருந்தே கார்பன் டை ஆக்சைடு பிரியும். சிமெண்ட் அரைக்க உதவும் சுட்ட கட்டியான கிளிங்கரில் 65 விழுக்காடு கால்சியம் ஆக்சைடு என்றால் டன்னுக்குச் சுமார் 0.51 டன். நெல் வயலின் மீத்தேனும் உரமிட்ட மண்ணின் நைட்ரஸ் ஆக்சைடும் எந்த எரிபொருள் பில்லிலும் வராது. இவற்றைக் கார்பன் டை ஆக்சைடுக்கு இணையாக மாற்ற ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் ஐந்தாம் அறிக்கை 100 ஆண்டுக் கணக்கில் மீத்தேனுக்கு 28, நைட்ரஸ் ஆக்சைடுக்கு 265 என்கிறது. ஆறாம் அறிக்கையில் புதைபடிவ மீத்தேனுக்கு 29.8, மற்ற மீத்தேனுக்கு 27, நைட்ரஸ் ஆக்சைடுக்கு 273. எதை வேண்டுமானாலும் எடுங்கள், ஆனால் இரண்டையும் கலந்து ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடாதீர்கள்.

கேள்வி: இறக்குமதி செய்த பொருளின் புகையை எப்படிச் சேர்ப்பது?

ஒரே நாட்டின் அட்டவணையை வைத்தால், வெளிநாட்டுக்காரரும் நம்மைப் போலவே தயாரிக்கிறார் என்று எடுத்துக்கொள்வதைத் தவிர வழியில்லை. அங்கே நிலக்கரி மின்சாரம், இங்கே நீர்மின்சாரம் என்றால் விடை கெட்டுப்போகும். பல நாட்டு அட்டவணை வேண்டும். அப்படிப்பட்ட தரவுத்தொகுப்புகளில் எக்ஸியோபேஸ் மூன்றாம் பதிப்பில் 44 நாடுகளும் 5 எஞ்சிய உலகப் பகுதிகளும், ஒவ்வொன்றுக்கும் 200 பொருள்களும் உண்டு. டபிள்யூ.ஐ.ஓ.டி. 2016 வெளியீட்டில் 43 நாடுகள், 56 துறைகள், ஆனால் 2014-ஓடு நிற்கிறது. துறை விவரம் முக்கியமா, அண்மை ஆண்டு முக்கியமா என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

எக்ஸியோபேஸ் பொருள் அட்டவணை 9,800 × 9,800. நேர்மாறு அணியை நினைவகத்தில் வைக்க மட்டுமே சுமார் 770 மெகாபைட். எக்செல் தாங்காது. பைத்தான் என்ற கணினி மொழியில் ஏற்றி, முழு நேர்மாறைக் கண்டுபிடிக்காமல் உங்களுக்கு வேண்டிய தேவைக்கு மட்டும் சமன்பாட்டைத் தீர்த்தால் வேலை வேகமாக முடியும். உற்பத்தி பூச்சியமாக உள்ள துறைகள் வகுக்கும்போது தொல்லை தரும். அங்கே வகுத்து வரவேண்டிய எண்ணை (கெழுவை)ப் பூச்சியம் என்று வைத்துவிடுங்கள்.

கேள்வி: ஐரோப்பிய எல்லைக் கார்பன் விதிக்கு இந்தக் கணக்கைக் காட்டலாமா? — ஏற்றுமதியாளர்

முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறக்குமதியாகும் பொருளின் உமிழ்வுக்குக் கட்டணம் கேட்கும் விதி அது. சிமெண்ட், இரும்பு–எஃகு, அலுமினியம், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவற்றுக்கான அந்த விதியின் இடைக்காலம் 2023 அக்டோபரில் தொடங்கியது. 2026 ஜனவரியிலிருந்து முழு நடைமுறை. அவர்கள் கேட்பது உங்கள் ஆலையில் அளந்த, டன் பொருளுக்கு இத்தனை டன் என்ற எண். துறைச் சராசரியை வைத்துப் பணத்திலிருந்து வந்த எண்ணுக்கு அங்கே இடமில்லை.

கேள்வி: கார்பன் வரி போட்டால் எந்தப் பொருள் எவ்வளவு விலை ஏறும் என்று இதில் தெரியுமா?

முதல் அடியில் எவ்வளவு ஏறும் என்று தெரியும். டன்னுக்கு 0.01 அலகு வரி என்றால், முழுச் சுமையால் பெருக்குங்கள்: நம் பயிற்சியில் எஃகு 2.7 விழுக்காடு ஏறும், மின்சாரம் 4.6 விழுக்காடு. ஆலைகள் வரியை முழுவதும் விலையில் ஏற்றிவிடும், யாரும் எரிபொருளையோ மூலப்பொருளையோ மாற்றமாட்டார்கள் என்ற நிபந்தனையில் வரும் எண் இது. மாற்று வழிகளைத் தேடிப் பொருளாதாரம் எப்படி நகரும் என்று பார்க்கப் பொதுச் சமநிலை மாதிரி வேண்டும். அதற்கு ஒரு துறையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது எவ்வளவு எளிது என்ற நெகிழ்ச்சி எண்கள் தேவை. அந்த எண்களைக் கொஞ்சம் மாற்றினாலே விடையும் மாறும் என்பதால், அப்படிப்பட்ட ஆய்வைப் படிக்கும்போது முடிவைப் பார்ப்பதற்கு முன் நெகிழ்ச்சி எண்களின் அட்டவணையைத் தேடிப் பாருங்கள்.